அண்டாவில் பச்சைக் கற்பூரம்

வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பவனுக்கு வெள்ளத்தில் ஒரு வசதி உண்டு. அவன் சொத்து மூழ்காது, மிதக்கும். கொள்ளிடம் கரை தாண்டிய அன்று, ஸ்ரீரங்கத்தின் வடக்குப் பக்கம் இருந்த என் குடோனிலிருந்து அண்டாக்களும் தவலைகளும் வரிசையாகக் கிளம்பி, முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது போல, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே போயின. தூக்க ஆளில்லை, ஏற்ற வண்டியில்லை என்று வருஷம் பூராவும் புலம்புகிறவன் நான். அன்று மட்டும் எல்லாம் தானாகவே டெலிவரி ஆனது.

தண்ணீர் வடிந்ததும் தேடிக்கொண்டு போனேன். தவலைகள் வாழைத்தோப்பில் கிடந்தன. ஒரு அண்டா வேலிகாத்தான் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. கடையிலேயே பெரியவையான மூன்று எவர்சில்வர் அண்டாக்களை மட்டும் காணவில்லை. ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற கல்யாணத்துக்குச் சாம்பார் வைக்கிற அண்டாக்கள் அவை. கரையோரத் தெருவில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மிஷின் போட்டிருக்கிறார்கள், அங்கே ஏதோ அண்டா நிற்கிறது என்று ஒருவர் சொன்னார். ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

அந்தத் தெருவில் எல்லா வீட்டுச் சுவரிலும் தோள் உயரத்துக்குச் சேற்றுக்கோடு. மதில்மேல் மெத்தைகள் காய்ந்துகொண்டிருந்தன. குடிதண்ணீர்க் குழாய் கரையோடு சேர்ந்து ஆற்றில் போயிருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு அடிபம்பு. அதுவும் தெருவின் சாக்கடையோடு சேர்ந்து வெள்ளத்துக்குள் மூழ்கிக் குளித்து எழுந்தது. தெரு நடுவில் தார்ப்பாய்க்குக் கீழே மிஷின் ஓடியது. ஆற்றிலிருந்து உறிஞ்சும் பம்பு நெதர்லாந்து. வடிகட்டும் நீல உருளைகள் ஜப்பான். சோதனை மாத்திரை இங்கிலாந்து. குளோரின் குஜராத். குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புகள் நம் காந்தி மார்க்கெட். இத்தனை தேசங்களும் கைகோத்து வந்து கடைசியில் போய் இறங்கிய இடம், என் சாம்பார் அண்டாக்கள்.

அதோடு விட்டார்களா? ஒவ்வொன்றின் அடியிலும் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். கழுத்தில் வெட்டியிருந்த என் அப்பா பேரின் முதல் எழுத்துகள் பரிதாபமாக என்னைப் பார்த்தன.

“திஸ் இஸ் மை அண்டா!” என்றேன்.

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்த ஒரு பெண்மணி திரும்பினார். பங்களாதேஷ்காரர், தண்ணீர் இன்ஜினியர், அந்தக் குழுவுக்குத் தலைவர். சண்டைக்குத் தயாராக நின்ற என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கொண்டு வந்த ரப்பர் தொட்டி வழியில் கிழிந்துவிட்டதாம், கரையில் ஒதுங்கிக் கிடந்த அண்டாக்கள்தான் காப்பாற்றினவாம். அவர் மகிழ்ச்சிக்கு அதுமட்டும் காரணம் இல்லை. அவர்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர் காய்ச்சலோடு வீட்டுக்குப் போய்விட்டார். இங்கிலீஷ் பேசுகிற ஆள் தானாக நடந்து வந்துவிட்டதே என்று சந்தோஷம். நான் பேசிய நாலு வார்த்தையில் ஒன்று தமிழ் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அண்டாவுக்கு வாடகை கேட்கப் போனவன், அண்டாவோடு சேர்ந்து நானும் இலவசமாக அங்கே தங்கிவிட்டேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவேயில்லை.

“ஏங்க, நம்ம கல்யாணத்துல வாத்தியார் சொன்னதுக்கு அர்த்தம் தெரியாம தலைய ஆட்டுனவரு நீங்க. நீங்க மொழிபெயர்க்கப் போறீங்களா?”

“அதுவும் இதுவும் ஒண்ணா?”

“அதுல நான் ஒருத்திதான் மாட்டுனேன். இதுல ரெண்டு தேசம்.”

இரண்டாவது தேசம் என்று அவள் சொன்னது நெதர்லாந்துக்காரரை. பம்பு மெக்கானிக். நம்மூர் நிலைப்படிகள் எல்லாவற்றுக்கும் அவர் நெற்றியோடு பரிச்சயம் உண்டு. ஒவ்வொரு தடவை இடித்துக்கொள்ளும்போதும் நிலைப்படியிடம் மன்னிப்புக் கேட்பார். பேச்சு குறைவு. எதைக் கேட்டாலும் “குட்” என்பார்.

மிஷின் அருமையாக ஓடியது. சிக்கல் என்னவென்றால், அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை. மரியாதையாகக் குடத்தோடு வருவார்கள், “ரொம்ப நல்லாருக்குங்க” என்பார்கள், கொண்டுபோய்ப் பாத்திரம் கழுவுவார்கள், துணி அலசுவார்கள். குடிப்பதற்கு அடிபம்பு.

“மருந்து வாடை அடிக்குதுங்க. வயித்துக்குள்ள பினாயில் ஊத்திக் கழுவுற மாரி இருக்கு” என்றார் ஒரு அம்மாள். காவிரித் தண்ணீரிலேயே மேலணைத் தண்ணீர், கீழ்க்கரைத் தண்ணீர் என்று ருசி பிரித்துச் சொல்கிற நாக்குகள் எங்களுடையவை. நான் பணிவாக மொழிபெயர்த்தேன். பினாயிலை விட்டுவிட்டேன்.

அந்தத் தெருவில் ஒருத்திதான் அடிபம்பைத் தொடவே மாட்டேன் என்று நின்றாள். தெருமுனையில், பஸ் போகிற ரோட்டை ஒட்டி டீக்கடை வைத்திருந்தவள். கடையை ஆறு கொண்டுபோய்விட்டது. நாலு கம்பு நட்டு, மேலே துணி கட்டி மறுபடி ஆரம்பித்திருந்தாள். (அந்தத் துணியும் என் கடைப் பந்தல் துணிதான். அதைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.) கணவர் இல்லை, ஒரே பெண் குழந்தை. வெள்ளம் வடிந்ததும் அடிபம்புத் தண்ணீரைக் குடித்து, குழந்தை ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கண் மூடிக் கிடந்து பிழைத்ததைப் பார்த்தவள். அதனால் மிஷின் தண்ணீரில்தான் டீ போட்டாள். டிரைவர்களும் வாழைத்தார் ஏற்றுகிறவர்களும் ஒரு வாய் குடிப்பார்கள், கிளாஸைப் பார்ப்பார்கள், கீழே வைத்துவிட்டுப் போவார்கள்.

“ஞாயித்துக்கெழம எங்கண்ணன் திருப்பூர்லேருந்து வருதுண்ணே” என்று என்னிடம் சொன்னாள். “பனியன் கம்பெனில வேல பாத்து வச்சிருக்கு. அதுக்குள்ள யாவாரம் ஆச்சுன்னா இருப்பேன். ஆகலேன்னா மூட்டையக் கட்ட வேண்டியதுதான்.”

“போக இஷ்டமாம்மா?”

“என்னண்ணே கேள்வி இது? இந்தக் கட அடுப்பு என் கையால பூசுனது. பம்புத் தண்ணிய ஊத்துனா இன்னிக்கே யாவாரம் ஆகும். எம்புள்ளைக்கு வந்தது நாளைக்கு எவம் புள்ளைக்கோ வரும். அதுக்கு நான் திருப்பூருக்கே போயிடுறேன்.”

இதை மொழிபெயர்க்கும்போது என் இங்கிலீஷ் இரண்டு இடத்தில் உடைந்தது. இன்ஜினியர் புரிந்துகொண்டார். டீக்கடைப் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் யோசித்தேன். நான் யோசிப்பது பொதுவாக யாருக்கும் நல்லதல்ல. வெள்ளிக்கிழமை காலை இன்ஜினியரும் மெக்கானிக்கும் எதிர்க்கரையைப் பார்க்கப் போன நேரத்தில், கோபுர வாசல் பக்கம் போய் பச்சைக் கற்பூரமும் ஏலக்காயும் வாங்கி வந்தேன். பொடித்து மூன்று அண்டாவிலும் தாராளமாகப் போட்டுக் கரண்டியால் கலக்கினேன். பெருமாள் தீர்த்தம் குடித்து வளர்ந்தவன் நான். அந்த வாசனை வந்த தண்ணீரை முகம் சுளித்துக் குடித்தவர் யாரையும் என் ஆயுளில் பார்த்ததில்லை. உலக நிபுணர்களுக்கு வராத யோசனை உள்ளூர்ப் பாத்திரக்காரனுக்கு வந்துவிட்டது என்ற பெருமையில், அங்கேயே நின்று மீசையைத் தடவிக்கொண்டேன். விரலில் ஏலக்காய் வாசனை.

வாசனை தெரு முழுக்கப் பரவியது. ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. எல்லாரும் வந்தார்கள். சில பேர் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார்கள். என் நெஞ்சு விம்மியது. அப்புறம்தான் கவனித்தேன், ஒருத்தர் கையிலும் குடம் இல்லை.

இடது கைமேல் வலது கையைக் குழித்து நீட்டினார்கள். ஒரு கரண்டி. உறிஞ்சிவிட்டு, மிச்ச ஈரத்தைத் தலையில் துடைத்துக்கொண்டு, நகர்ந்து அடுத்தவருக்கு வழிவிட்டார்கள்.

“இன்னும் கொஞ்சம் குடிங்கம்மா. கொடத்துல புடிச்சிட்டுப் போங்க” என்று கெஞ்சினேன்.

“நல்லாருக்கேண்ணே! தீர்த்தத்த யாராச்சும் சொம்பு சொம்பா குடிப்பாங்களா?”

ஒரு பெரியவர் குடித்துவிட்டு நகராமல் என் முன்னால் குனிந்து நின்றார். எதற்கு என்று முதலில் விளங்கவில்லை. சடாரிக்காகக் காத்திருக்கிறார். கையிலிருந்த கரண்டியை அவர் தலையில் வைத்து அனுப்பலாமா என்று ஒரு கணம் நான் யோசித்தது உண்மை.

டீக்கடைக்காரியும் வந்தாள். கையில் சின்ன பாட்டில்.

“இதுல டீ போடும்மா, மருந்து வாடையே இருக்காது” என்றேன்.

“இதுலயா? டீயா?” கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “சாமி அலமாரில வச்சுக்கிறேன்ணே. திருப்பூர்ல இதெல்லாம் எங்க கெடைக்கப் போவுது?”

குடிக்காத தண்ணீரைக் குடிக்க வைக்கப் போய், குடிக்கவே முடியாத தண்ணீராக்கிவிட்டேன். அவள் மூட்டை கட்டுவதற்கு முதல் பொருளை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

இன்ஜினியர் திரும்பி வந்ததும் வழக்கம்போல் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மாத்திரையைப் போட்டார். இளஞ்சிவப்பு நிறம் வரவேண்டும். வந்தால் கிருமியைக் கொல்கிற மருந்து தண்ணீரில் இருக்கிறது என்று அர்த்தம். வரவில்லை. இன்னொரு மாத்திரை. வரவில்லை. முகம் வெளுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அந்த உயரமான மனிதர் மிஷினுக்குக் கீழே படுத்து, மருந்து கலக்கும் பகுதியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்ற ஆரம்பித்தார். நான் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்து உதவிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வது?

இன்ஜினியர் அண்டாவுக்குள் மூக்கை நீட்டினார். “பாயேஷ்?” என்றார். அவர் ஊரில் பாயசத்துக்கு அப்படித்தான் பேர். “யார் இதில் பாயசம் வைத்தது?”

மெதுவாக என் பக்கம் திரும்பினார். சட்டைப் பையில் பொட்டலம் எட்டிப் பார்த்தது. சொன்னேன். தீர்த்தம், கரண்டி, சடாரி, எல்லாம் சொன்னேன். மணல் மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மெக்கானிக் மிஷினுக்கு அடியிலிருந்தே “குட்” என்றார்.

சிரிப்பு அடங்கியதும் விளக்கினார். நான் போட்ட பொடி மருந்தைத் தின்றுவிட்டது. மருந்தில்லாத தண்ணீர், திறந்த அண்டா, இத்தனை கைகள். இனி இது அடிபம்புத் தண்ணீரை விட ஒசத்தி இல்லை. கொட்டியாக வேண்டும். எழுந்துபோய் முதல் அண்டாவின் குழாயைத் திறந்தார்.

தெருப் பெண்கள் ஓடி வந்தார்கள். “ஐயையோ! கால் படுற எடத்துல ஊத்தாதீங்கம்மா! தீர்த்தம்மா அது!”

மொழிபெயர்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பாதி நாள் வேலை என்னால் பாழ், இப்போது இது வேறா என்று கோபப்பட்டிருந்தால் நியாயம்தான். அவர் அந்தக் கணமே குழாயை மூடினார். “சரி, எங்கே ஊற்றலாம்?” என்று கேட்டார், அவ்வளவுதான்.

மரத்தடியில் ஊற்றலாம் என்றார்கள். அப்போது வந்தன குடங்கள், எல்லா வீட்டிலிருந்தும். அண்டாவிலிருந்து தென்னை வரைக்கும், வேம்பு வரைக்கும், தப்பிப் பிழைத்த நாலு வாழை வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றினார்கள். வரிசை நடுவில் மெக்கானிக். யாரோ சாடை காட்டியதும் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றார். அந்தப் பாதத்துக்குச் செருப்பு ஸ்ரீரங்கத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது. இன்ஜினியர் துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றார். உங்களுக்கு இது சங்கடம் இல்லையே என்று கேட்டேன்.

“என் அம்மா மெக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீர் பாட்டிலை எங்கே வைத்திருக்கிறார் என்று வந்து பாருங்கள்” என்றார். “பீரோவில், நகைக்குப் பக்கத்தில். எனக்குக்கூட ஒரு மூடிதான் தருவார்.”

கடைசிக் குடம் காலியானதும் அவர் டீக்கடைக்காரியைக் கூப்பிட்டார். “நீ டீ போட வேண்டும். இந்தத் தண்ணீர் எப்படி இருந்தால் உனக்கு ஆகும்?” என்று கேட்கச் சொன்னார். “டீயில மருந்து வாடை தெரியக் கூடாது, அவ்ளோதான்” என்றாள். தண்ணீர் சுத்தமா என்று இதுவரை எத்தனையோ தடவை சோதித்தாயிற்று. யாருக்கு, எதற்கு என்று அன்றைக்குத்தான் கேள்வி வந்தது.

சனிக்கிழமை காலை மிஷினுக்கும் டீக்கடைக்கும் நடுவில் இன்ஜினியர் நடந்த நடையை நான் மறக்கமாட்டேன். இதுவரை கலந்தது, ஆறு கலங்கலாக ஓடிய நாட்களுக்கு வைத்த மருந்து அளவு. இப்போது ஆறு தெளிந்துவருகிறது, கொஞ்சம் இறக்கலாம். “நாக்குக்காக எல்லையைத் தாண்ட மாட்டேன். எல்லைக்குள்ளே நாக்குக்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவையும் கொடுப்பேன்” என்றார். ஒரு திருகாணியைக் கொஞ்சமாகத் திருப்புவார், காத்திருப்பார், கண்ணாடிக் குழாயில் இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்ப்பார், அந்தத் தண்ணீரைச் செம்பில் எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார். டீக்கடைக்காரி போடுவாள். மெக்கானிக்கும் நானும் குடித்துப் பார்க்கிறவர்கள்.

“குட்” என்பார் மெக்கானிக், ஒவ்வொரு கிளாஸுக்கும்.

“இவரு நாக்கு எதுக்கும் ஆவாதுண்ணே” என்றாள் அவள். “பாவம், ஊர்ல என்னத்தக் குடிக்கிறாரோ. நீங்க சொல்லுங்க.”

“எனக்கு நல்லாத்தாம்மா இருக்கு.”

“நேத்து தீர்த்தம் போட்ட ஆளு. ஒங்களையும் நம்ப முடியாது.” தானே ஒரு வாய் குடித்துத் துப்பினாள். “வாடை இன்னும் இருக்குக்கா.”

இன்ஜினியர் மறுபடி செம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தார். முகத்தில் ஒரு சலிப்பு இல்லை. நாற்காலியில் தூசி என்று கல்யாண வீட்டுக்காரர் சொன்னால் அவரோடு அரை மணி நேரம் சண்டை போடுகிறவன் நான். இவர் கடல் தாண்டி வந்து, ஒரு டீ கிளாஸுக்காகச் சேற்றில் போய்ப் போய் வருகிறார். குடித்த டீயில் என் கைகள் நடுங்க ஆரம்பித்தன. அது வேறு யாருக்கும் கவலையாக இல்லை.

இடையில் அவர் அடுப்புப் பக்கம் குனிந்து பார்த்தார். விறகு மிச்சமாகட்டும் என்று டீக்கடைக்காரி தண்ணீரிலேயே தூளைப் போட்டு மூடிவைத்துக் கொதிக்க விடுவாள். மூடியை எடுக்கச் சொன்னார். முதலில் வெறும் தண்ணீர் திறந்தபடி தளதளவென்று கொதிக்கட்டும், வாடை ஆவியோடு போகட்டும், தூள் அப்புறம். “எங்கள் ஊரில் வெள்ளம் வடிந்தால் முதலில் திறப்பது டீக்கடைதான். இப்படிப் போட்ட டீயைக் குடித்துத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்” என்றார். டீக்கடைக்காரி தன் பங்குக்கு இஞ்சி தட்டிப் போட்டாள்.

ஆற்றினாள். ஒரு வாய் குடித்தாள். துப்பாமல் முழுக் கிளாஸையும் குடித்தாள். இன்ஜினியர் என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க ஒன்றுமில்லை என்று கையை விரித்தேன்.

“இது டீ” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்துவிட்டார், ஜங்ஷனில் ஒரு லோடு ஆட்டோ பிடித்துக்கொண்டு. துணி மூட்டை ஒன்று ஏற்கனவே கட்டித் தயாராக இருந்தது. தன் நாக்கு ஒன்றை மட்டும் நம்பி மூட்டையை அவிழ்க்க அவள் தயாராக இல்லை. அண்ணனுக்கும் ஆட்டோ டிரைவருக்கும் டீ கொடுத்தாள், தண்ணீரைப் பற்றி மூச்சுவிடவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஏதோ வேலை இருப்பது போல அங்கே நின்றோம். மெக்கானிக் ஒன்றுமில்லாத குழாயை இறுக்கிக்கொண்டிருந்தார். தெருவில் பாதிப் பேருக்கு அந்த நேரத்தில்தான் டீக்கடைப் பக்கம் வேலை.

டிரைவர் ஒரு வாய் குடித்தார். கிளாஸைப் பார்த்தார்.

“என்னக்கா, சக்கரைய மறந்துட்டீங்களா?”

அண்ணன் குடித்தார். “ஆமா புள்ள, தூளும் கம்மி. ஒரப்பே இல்ல. இப்பிடிப் போட்டா எவன் வருவான்?”

“மருந்து?” என்று இன்ஜினியர் என் காதில் கேட்டார், தமிழிலேயே.

“இல்லை மேடம். சர்க்கரை. டீத்தூள்.”

டீக்கடைக்காரிக்கு வெள்ளத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பழைய குரல் வந்தது. “ஓசி டீக்கு வாயப் பாரு! சக்கரையாம், ஒரப்பாம்! குடிச்சது முழுசா உள்ள போச்சுல்ல?”

டிரைவர் காலிக் கிளாஸை நீட்டினார். “இன்னொன்னு போடுங்க. சக்கரையோட.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் மூட்டையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். “அப்ப நீ வரலியா?”

“வண்டி வந்தது வந்துருச்சு, சும்மா நிக்க வேணாம்” என்றாள். “காந்தி மார்க்கெட் பக்கம் போயி ரெண்டு பெஞ்சு ஏத்திட்டு வாண்ணே. வர்றவங்க எத்தன நாளைக்கு நின்னுக்கிட்டே குடிப்பாங்க?”

டீக்கடையில் குடித்தவர்கள் வீட்டுக்குக் குடம் கேட்டு வந்தார்கள். அடிபம்பின் கைப்பிடியை மெக்கானிக் கழற்றி வைத்தபோது யாரும் தடுக்கவில்லை. புதுக் குழாய் வரும்வரை இன்ஜினியரும் மெக்கானிக்கும் இருந்தார்கள். பிறகு வேறு தேசத்தில் வேறு ஆறு கரை தாண்டிவிட்டது என்று கிளம்பினார்கள். அண்டாவில் வெட்டியிருக்கும் எழுத்து என்ன என்று இன்ஜினியர் ஒருநாள் கேட்டிருந்தார். டீக்கடைக்காரி அதை ஞாபகம் வைத்திருந்து, இரண்டு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, கழுத்தில் தெருவின் பேரை வெட்டிக் கொடுத்தாள். மெக்கானிக் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெரி குட்” என்றார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அண்டாக்களில் இரண்டுக்கு ஓட்டையை அடைத்து, சாம்பாருக்குத் திரும்ப அழைத்துக்கொண்டேன். மூன்றாவது குழாயோடு டீக்கடையிலேயே நிற்கிறது. எப்போது எடுத்து வருவீர்கள் என்று மனைவி கேட்கும்போதெல்லாம் நானும் கிளம்பிப் போகிறேன். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு வருகிறேன். டீக்கடைக்காரியின் சாமி அலமாரியில் அந்தச் சின்ன பாட்டில் இன்னும் இருக்கிறது.

அண்டா பக்கம் நான் இரண்டடி எடுத்து வைத்தால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வந்துவிடும்.

“அண்ணே, அங்கயே நில்லுங்க. சட்டப் பையில என்ன வச்சிருக்கீங்க?”